பேர் சொல்லும் சாலை

இந்த வாரக் கேள்வி-பதில்

"லீவுக்கு வண்டியை எடுத்தால், மனித உரிமைக்காகப் போராடியவர்களின் வரலாற்றைச் சொல்லும் இடங்களையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்" என்று போன இதழில் எழுதியிருந்தேன். ஒத்தக்கடையிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் கேள்விகள் கட்டுக்கட்டாக வந்துவிட்டன. இந்த வாரம் முழுக்க அவற்றுக்கே.

உரிமைப் போராட்ட மியூசியம் என்றால் அமெரிக்காவில்தானே இருக்கும்? ஒத்தக்கடைக்காரன் எங்கே போவது?
*கடைக்காரர், ஒத்தக்கடை*

பாஸ்போர்ட் வேண்டாம், பஸ் டிக்கெட் போதும். மாட்டுத்தாவணி, கே.கே. நகர் தாண்டித் தமுக்கத்தில் இறங்கினால் காந்தி நினைவு அருங்காட்சியகம். திரும்பி மேலூர் ரோட்டைப் பிடித்தால் தும்பைப்பட்டியில் கக்கன் மணிமண்டபம். மேலூரிலிருந்து உள்ளே திரும்பினால் மேலவளவு. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் போனால் பெருங்காமநல்லூர். நாலு பக்கமும் வரலாறு, நடுவில் உங்கள் கடை. முதலில் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள், அமெரிக்கா எங்கேயும் போய்விடாது.

காந்தி மியூசியம் சுதந்திரப் போராட்டத்தைப் பற்றியதாயிற்றே. அதை எப்படி உரிமைப் போராட்டக் கணக்கில் சேர்க்கிறீர்கள்?
*சட்டக் கல்லூரி மாணவி, உத்தங்குடி*

சுதந்திரம் நாட்டுக்கு வருவது, உரிமை ஆளாளுக்கு வந்து சேர வேண்டியது. 1947-க்குப் பிறகும் கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் டீக்கடை பெஞ்சிலும் அந்தப் பாக்கி நின்றது. அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதை மீறினால் தண்டனை என்று 1955-ல் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம்தான் 1976-ல் திருத்தப்பட்டு, குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதுவும் போதாமல் 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஒன்று போதாமல் அடுத்தது வந்திருக்கிறது என்றால், பாக்கி எவ்வளவு பெரியது என்று பாருங்கள். சட்டம் படிக்கிற நீங்கள் இந்த மூன்றையும் வரிசையாகப் படித்துவிட்டுத் தமுக்கம் போங்கள். அங்கே இருக்கிற ஒவ்வொரு படமும் வேறு மாதிரி தெரியும்.

அந்த மியூசியத்தில் தவறாமல் பார்க்க வேண்டியது எது?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், நரசிங்கம்*

முதலில் கட்டடம். ராணி மங்கம்மாளின் அரண்மனை. பிறகு வெள்ளைக்காரக் கலெக்டர்கள் குடியிருந்தார்கள். 1955-ல் அரசு அதைக் காந்தி நினைவு நிதிக்குக் கொடுத்தது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு வந்து மியூசியமாகத் திறந்துவைத்தார். ராணி இருந்த இடம், கலெக்டர் இருந்த இடம், இன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் உள்ளே போகலாம். அதுவே ஒரு பாடம்.

அப்புறம் அந்தத் துணி. காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த துணியின் ஒரு பகுதி, ரத்தக் கறையோடு கண்ணாடிக்குள் இருக்கிறது. கூட்டத்தோடு நகர்ந்து போய்விடாதீர்கள். நின்று பாருங்கள். முரட்டு நூல், அதில் பழுப்பேறிய கறை. வெறுப்பு என்ன செய்யும் என்பதை இவ்வளவு பக்கத்தில் காட்டுகிற பொருள் நம் ஜில்லாவில் வேறு இல்லை.

மாணவர்களோடு போனால் அடுத்து மேலமாசி வீதிக்கும் கூட்டிப்போங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று, கதர் வாங்கக் காசில்லை என்று சொன்ன ஏழைகளை நினைத்து, காந்தி மேல்சட்டையை விட்டு அரைத்துணிக்கு மாறியது அங்கே ஒரு மாடி வீட்டில்தான். அந்தக் கோலத்தில் அவர் முதன்முதலில் மக்கள் முன் நின்ற இடம் காமராசர் சாலையில் உள்ள காந்தி பொட்டல். கடைக்கும் கண்ணிக்கும் போகிற வழியில் நாம் தினம் கடக்கிற இடங்கள்.

மார்ட்டின் லூதர் கிங் நம் பக்கம் வந்திருக்கிறாரா?
*கல்லூரி மாணவர், திருமோகூர்*

வந்திருக்கிறார். 1959 பிப்ரவரி, மார்ச்சில் மனைவி கொரெட்டாவோடு சுமார் ஒரு மாதம் இந்தியாவைச் சுற்றினார். அந்தப் பயணத்தில் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்துக்கும் வந்தார். அவர் ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துத்தான் நம் மியூசியம் திறக்கப்பட்டது. மற்ற நாடுகளுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போவேன், இந்தியாவுக்கு யாத்திரிகனாக வந்திருக்கிறேன் என்றார்.

அந்த யாத்திரையில் அவரை உலுக்கிய இடம் திருவனந்தபுரம். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர்" என்று சொல்லித் தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிரதமரோடு சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு இப்படி ஒரு பட்டமா? யோசிக்க யோசிக்க அது உண்மை என்று பட்டது. தன் மக்களான கறுப்பர்கள் இரண்டு கோடிப் பேர் சேரிகளில் அடைபட்டுக் கிடக்கிறார்கள், அப்படியானால் நானும் தீண்டப்படாதவன்தான் என்று பின்னாளில் தன் தேவாலய மேடையிலேயே சொன்னார். அவமானத்தை உறவாக மாற்றிக்கொண்ட மனிதர். காந்தியைப் பார்க்க வந்தவருக்குக் கண்ணாடி காட்டியது நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். காரிலேயே மெம்பிஸ் கூட்டிப்போகிறேன் என்கிறான். அங்கே என்ன இருக்கிறது?
*இல்லத்தரசி, ஒத்தக்கடை*

கட்டாயம் போங்கம்மா. 1968 ஏப்ரல் 4 அன்று கிங் சுடப்பட்ட லொரெய்ன் மோட்டலைத்தான் அங்கே தேசிய சிவில் உரிமை அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். 1991-லிருந்து நடக்கிறது. அவர் தங்கிய 306-ஆம் அறைக்கு வெளியே, அவர் விழுந்த மாடத்தில் மலர் வளையம் இருக்கும்.

அந்த ஊருக்கு அவர் ஏன் வந்தார் என்பதை மகனிடம் கேளுங்கள். குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு தர வந்தார். மழைக்கு ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்களைக் குப்பை லாரியின் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. அதைத் தொடர்ந்து சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தி, "நான் மனிதன்" என்ற அட்டையை மார்பில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். கிங்கின் பெயர் உலகத்துக்குத் தெரியும். கோல், வாக்கர் பெயரை நீங்கள் தெரிந்துகொண்டு வாருங்கள். அப்புறம் நம் தெருவில் அதிகாலையில் குப்பை வண்டி தள்ளி வருகிறவர் பெயரையும் கேட்டு வையுங்கள்.

காரில் ஊர் சுற்றுவதற்கும் உரிமைக்கும் என்ன சம்பந்தம்? வண்டி இருந்தால் யாரும் போகலாமே!
*கார் ஓட்டுநர், மாட்டுத்தாவணி*

இன்றைக்குப் போகலாம். அமெரிக்காவில் கறுப்பர்கள் கார் வாங்கிய காலத்தில், வண்டி இருந்தும் வழியில் சாப்பிட, தூங்க, பெட்ரோல் போட எல்லா இடத்திலும் விடமாட்டார்கள். அதற்காகவே விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936-லிருந்து ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். கறுப்பர்களை மரியாதையாக உள்ளே விடும் விடுதி எது, ஓட்டல் எது என்று ஊர்வாரியாகப் பட்டியல். 'கிரீன் புக்' இல்லாமல் வண்டி எடுக்கப் பயந்த குடும்பங்கள் உண்டு.

இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? 1934-ல் அம்பேத்கரும் தோழர்கள் சுமார் முப்பது பேரும் எல்லோரா குகைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். நீங்கள் சவாரி ஏற்றிப் போவீர்களே, அதே மாதிரி ஒரு சுற்றுலாதான். வழியில் தௌலதாபாத் கோட்டை வாசலில் ஒரு குளம். பயணத் தூசி போக முகம், கை கால் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் கூடிவிட்டது. கடைசியில், தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு, காவலுக்கு ஆயுதம் ஏந்திய சிப்பாயையும் கூட அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கிய பாரிஸ்டருக்கே இந்தக் கதி. நிறுத்தின இடத்தில் இறங்கி, கேட்ட இடத்தில் தண்ணீர் குடிக்கிற சுகம் யாரோ அவமானப்பட்டு வாங்கித் தந்தது.

மதுரைக் கோயில் நுழைவைப் பற்றி இரண்டு வரியில் சொல்லுங்கள்.
*பூக்கடைக்காரர், மாட்டுத்தாவணி*

இரண்டு வரியில் அடங்காது, அண்ணே. 1939 ஜூலை 8, காலை. வக்கீல் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒரு சிறு குழு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனது. கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வரவேற்று உள்ளே விட்டார். கோயிலுக்குள் விடக் கூடாது என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டவர்களில் அன்றைக்குப் போனவர்கள்: கக்கன், முருகானந்தம், சின்னையா, பூவலிங்கம், முத்து, கூடவே விருதுநகர் சண்முக நாடார்.

சண்முக நாடார் அந்தக் குழுவில் இருந்ததற்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் போனது 1897-ல் வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பின் வலி முப்பது வருஷம் கழித்து மீனாட்சி கோயில் வாசலில் ஆறியது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பட்டர்களில் ஒரு பகுதியினர் பூஜைக்கு வர மறுத்தார்கள், வழக்கு என்று மிரட்டல் வந்தது. உள்ளே போனவர்களுக்கும் விட்ட அதிகாரிக்கும் பாதுகாப்பாக ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அந்த ஆண்டே அது முறையான சட்டமும் ஆனது. எல்லோரையும் விடாத கோயிலுக்குள் நான் வரமாட்டேன் என்றிருந்த காந்தி, 1946-ல்தான் மீனாட்சியைத் தரிசித்தார். அம்மனுக்குப் பூக் கட்டுகிற உங்களுக்கு அந்த ஆறு பெயரும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

வைத்தியநாத ஐயர் பெரியவரா, கூடப் போனவர்கள் பெரியவர்களா?
*தேர்வுக்குப் படிக்கும் இளைஞர், கருப்பாயூரணி*

ஐயர் தன் சாதியின் கோபத்தைத் தாங்கினார். அது பெரிய தைரியம், மறக்கக் கூடாது. மற்றவர்கள் அன்று சாயங்காலம் தங்கள் ஊருக்கே திரும்பிப் போய், அதே தெருவில், அதே மனிதர்கள் நடுவில் படுத்துத் தூங்க வேண்டியிருந்தது. உங்கள் தேர்வில் ஐயர் பெயரைத்தான் கேட்பார்கள். நீங்கள் ஆறு பெயரையும் எழுதிவிட்டு வாருங்கள்.

கக்கன் மணிமண்டபத்தில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது?
*விவசாயி, வெள்ளரிப்பட்டி*

ஊர் இருக்கிறது. மேலூர் தாண்டித் திருச்சி ரோட்டில் தும்பைப்பட்டி. 1908 ஜூன் 18 அன்று அங்கே பிறந்த பையன், கோயிலுக்குள் விடப்படாத சமூகத்தில் வளர்ந்து, மேலூரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் விடுதியைப் பார்த்துக்கொண்டு, 31 வயதில் மீனாட்சி கோயிலுக்குள் போனார். நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார், காங்கிரசுக்கு மாநிலத் தலைவர் ஆனார், 1957-லிருந்து பத்து வருஷம் அமைச்சர். பொதுப்பணி, விவசாயம், உள்துறை எல்லாம் பார்த்தார். உங்கள் பக்கம் பாயும் பெரியாறு-வைகைத் தண்ணீரைக் கட்டிக் காக்கும் வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அவர் கையில்தான் இருந்தது.

பதவி போன பிறகு டவுன் பஸ்ஸில் போனார். உடம்புக்கு முடியாமல் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண நோயாளியாகக் கிடந்தபோது, வேறு ஒருவரைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தற்செயலாகக் கேள்விப்பட்டு ஓடி வந்து பார்த்தார். 1981 டிசம்பரில் கக்கன் காலமானார். நேர்மைக்கு உதாரணம் என்று மேடையில் இன்றும் சொல்கிறார்கள், சரிதான். அதற்கு முன்னால் அவர் ஒரு பூட்டை உடைத்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலைக்கு மாலை போடுகிற பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

மேலவளவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா? பயந்துவிடுவார்களே?
*தாய், சிட்டம்பட்டி*

பத்து வயசு தாண்டியிருந்தால் கூட்டிப்போங்கள். போவதற்கு முன்னால் வண்டியிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள்.

ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் மனு போட்டவர்களை மிரட்டிப் பின்வாங்க வைத்தார்கள். வீடுகள் எரிந்தன. ஆனாலும் முருகேசன் நின்றார், தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுத் திரும்புகையில், மேலவளவு போகும் பஸ்ஸை மறித்து, பட்டப்பகலில், பயணிகள் கண் முன்னால் முருகேசனையும் கூட வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

மதுரையிலிருந்து மேலூருக்கு நாம் போகிற வழி ஒத்தக்கடை வழிதான், நீங்கள் தினமும் ஏறுகிற பஸ்தான். பிள்ளைகள் பயப்படத்தான் செய்வார்கள். அந்தப் பயத்தைத் தனியாக விடாதீர்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்: ஒருவர் ஓட்டு வாங்கி ஜெயித்தார், அது பிடிக்காமல் கொன்றார்கள், நீ பெரியவனானால் ஜெயித்தவர் பக்கம் நிற்க வேண்டும்.

பெருங்காமநல்லூர் இந்தப் பட்டியலில் எப்படி வந்தது? அது வேறு சமூகமாயிற்றே?
*அரசு ஊழியர், உசிலம்பட்டி*

உரிமைக்குச் சாதி வேலி கிடையாது. பிறந்தவுடனே குற்றவாளி என்று ஒரு முழுச் சமூகத்துக்கும் முத்திரை குத்தியது வெள்ளைக்கார அரசின் குற்றப் பரம்பரைச் சட்டம். கைரேகை வை, ஊரை விட்டுப் போனால் அனுமதி வாங்கு என்று சட்டம். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பெருங்காமநல்லூர் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. அவர்களுக்கு அங்கே நினைவுத் தூண் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று.

பெருங்காமநல்லூரில் அழுதவர் மேலவளவிலும் அழ வேண்டும். மேலவளவில் கொதித்தவர் பெருங்காமநல்லூரிலும் தலை குனிய வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

காந்தி மியூசியத்துக்குப் போகச் சொல்கிறீர்களே, அம்பேத்கரோடு காந்திக்கு இருந்த சண்டையை அங்கே சொல்வார்களா?
*ஆய்வு மாணவர், நாகமலை புதுக்கோட்டை*

காந்தி பெயரில் இருக்கும் இடம் காந்தியின் கண்ணால் பார்க்கும், அது இயல்பு. 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தை அம்பேத்கர் எப்படிப் பார்த்தார் என்பதை அவர் எழுத்திலேயே படித்துவிட்டுப் போங்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி கேட்டவர் எதிரில் காந்தியின் உண்ணாவிரதம் என்ற ஆயுதம் நின்றது. அந்த வலி அவரை விட்டுக் கடைசிவரை போகவில்லை. ஒரு மியூசியம் ஒரு சாட்சி. வழக்கு தெரிய வேண்டுமானால் எல்லாச் சாட்சியையும் விசாரியுங்கள்.

நினைவிடத்தில் செல்ஃபி எடுக்கலாமா?
*பிளஸ் டூ மாணவி, ஒத்தக்கடை*

பெயர்ப் பலகையைப் படம் எடும்மா. உன் முகத்தை விட அந்தப் பெயர்களை நாலு பேர் பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு ஓட்டல் மேஜையையே மியூசியத்தில் வைத்திருக்கிறார்களாமே! அதில் என்ன விசேஷம்?
*டீக்கடைக்காரர், ஒத்தக்கடை நாலு ரோடு*

உங்களுக்குத்தான் அது சட்டென்று விளங்கும். வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊர். வுல்வொர்த் கடையில் கறுப்பர் சாமான் வாங்கலாம், ஆனால் உட்கார்ந்து காப்பி குடிக்க முடியாது. 1960 பிப்ரவரி 1 அன்று நாலு கல்லூரி மாணவர்கள் வந்து அந்த மேஜையில் உட்கார்ந்தார்கள். காப்பி தரவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். ஜூலைக்குள் கடை பணிந்தது. 2010-லிருந்து அந்தக் கடையே மியூசியம்.

உட்கார்வதற்கும் பயிற்சி வேண்டும். நாஷ்வில் நகரத்து மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த ஜேம்ஸ் லாசன், அதற்கு முன் நாகபுரியில் கல்லூரி ஆசிரியராக இருந்து காந்திய வழியைப் படித்தவர். அடித்தாலும் எச்சில் துப்பினாலும் எழாமல், திருப்பி அடிக்காமல் உட்கார்வதை ஒத்திகை பார்த்தார்கள்.

நம் ஊர்ப் பக்கத்து இரட்டை டம்ளர் உங்களுக்குத் தெரியும். உள்ளே ஒரு கிளாஸ், ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கூரையில் சொருகிய இன்னொரு கிளாஸ். குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். அப்புறம் பேப்பர் கப் வந்தது. சில ஊர்களில் அந்தப் பேப்பர் கப்பே புது வேலியாகி, ஒருவருக்குக் கிளாஸ், ஒருவருக்குக் கப் என்று ஆனது. உங்கள் கடையில் வருகிற எல்லோருக்கும் ஒரே கிளாஸ், ஒரே பெஞ்சு என்றால், நீங்கள் தினமும் காலை நாலு மணிக்குத் திறப்பது கிரீன்ஸ்பரோவைவிடப் பெரிய மியூசியம்.

எங்கள் ஊரிலேயே ஐகோர்ட் கிளை இருக்கிறது. அதையும் பார்க்கச் சொல்வீர்களா?
*வக்கீல் குமாஸ்தா, ஒத்தக்கடை*

யானைமலைக்கு எதிரே 2004 ஜூலை 24 அன்று திறந்த கட்டடம். அதற்கு முன், கன்னியாகுமரிக்காரர் ஒரு ரிட் போட மெட்ராசுக்கு ராத்திரி ரயில் பிடிக்க வேண்டும். அந்த ரயில் செலவே பல பேர் வாயை அடைத்தது. வீட்டுக்குப் பக்கத்தில் நீதிமன்றம் வருவதும் ஒரு உரிமைதான். மேலவளவு வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில் 13 பேரை அரசு 2019-ல் முன்கூட்டி விடுவித்தபோது, அதை எதிர்த்தவர்கள் வந்து நின்ற வாசலும் இதுதான். நாலு ரோட்டில் இறங்கி, கட்டைப் பையில் கேஸ் கட்டோடு வழி கேட்கும் கிழவிக்கு நீங்கள் ஒழுங்காக வழி காட்டினால், அன்றைக்கு உங்கள் பங்கு முடிந்தது.

மூன்று நாள் லீவு இருக்கிறது. தூரமாக ஒரு இடம் சொல்லுங்கள்.
*ஐ.டி. ஊழியர், இலந்தைகுளம்*

வைக்கம். தேனி, கம்பம், குமுளி ஏறி, கோட்டயம் இறங்கினால் வந்துவிடும். மலை இறங்கும் வளைவுகளில் வேகம் வேண்டாம். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30 அன்று தொடங்கி 1925 நவம்பர் வரை நடந்த போராட்டம் அது. தலைவர்கள் வரிசையாகச் சிறைக்குப் போனதும், ஈரோட்டிலிருந்து பெரியார் போய் நின்றார். இரண்டு முறை சிறை. நாகம்மையாரும் களத்தில் இறங்கினார். அங்கே உள்ள பெரியார் நினைவகம் புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது.

அங்கே கேட்டது கருவறை அல்ல, தெரு. மனிதன் தெருவில் நடக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் போராடினான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, அந்தத் தெருவில் அவர்களை நடக்க விடுங்கள்.

இதையெல்லாம் கிளறினால் சாதிச் சண்டை கூடத்தானே செய்யும்? மறப்பதுதானே நல்லது?
*மளிகைக் கடைக்காரர், வரிச்சியூர்*

அடிபட்டவர் மறந்தால் அது பெருந்தன்மை. அடித்தவர் வீட்டார் மறக்கச் சொன்னால் அது தப்பித்தல். உள்ளே சீழ் வைத்த புண்ணை மேலே துணி கட்டி ஆற்ற முடியாது. உத்தபுரத்தில் ஊரைச் சாதியால் இரண்டாகப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி யாரும் பேசாமல் இருந்தவரை அது நின்றது. பேசினார்கள், போராடினார்கள், 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதி இடிந்து பாதை திறந்தது. பேசாத வருஷங்களில் அங்கே அமைதி இருந்ததாக நினைத்தவர்கள் சுவரை எழுப்பிய பக்கம் இருந்தவர்கள் மட்டும்தான்.

எல்லாமே ரத்தமும் கண்ணீருமாகச் சொல்கிறீர்கள். நல்ல சேதி ஒன்று சொல்லுங்களேன்.
*பாட்டி, நரசிங்கம்*

இருக்கு பாட்டி. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். தலைவர் பதவியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியதால் 1996-லிருந்து பத்து வருஷம் முறையாகத் தேர்தலே நடக்க விடாத நாலு ஊராட்சிகள். மனு போட ஆள் வராது, ஜெயித்தவர் உடனே ராஜினாமா. 2006-ல் மதுரைக் கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசினார். இயக்கங்களும் கட்சிகளும் பல வருஷம் விடாமல் வேலை செய்திருந்தன. அந்த வருஷம் தேர்தல் நடந்தது, தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. மனசு மாறும் பாட்டி. தானாக மாறாது, கூட உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்.

மதுரைக்கு என்று ஒரு உரிமை அருங்காட்சியகம் கட்டினால் அதில் என்ன வைக்கச் சொல்வீர்கள்?
*ஓவிய ஆசிரியர், மேலூர்*

கூரையில் சொருகியிருந்த ஒரு டீ கிளாஸ். உத்தபுரத்துச் சுவரின் ஒரு கல். மேலவளவுப் பாதையின் ஒரு பஸ் டிக்கெட். ரேகை பதித்த ஒரு பழைய போலீஸ் பதிவேடு. பத்து வருஷம் ஆள் உட்காராத ஒரு ஊராட்சி நாற்காலி. நடு மண்டபத்தில் சிலை வேண்டாம், சுவர் முழுக்கப் பெயர்கள் போதும். கடைசி இடத்தை வெறுமையாக விட்டு, வருகிற பிள்ளைகள் தங்கள் ஊரில் தெரிந்த பெயரை எழுதிவிட்டுப் போகட்டும். இதைக் கட்ட அரசு முன்வர வேண்டும் என்று இந்தப் பக்கத்தின் வழியாகவே கேட்கிறேன். உங்கள் பள்ளியில் ஒரு சுவர் சும்மா இருந்தால், அது வரை காத்திருக்காதீர்கள்.

போகிறோம், பார்க்கிறோம், வருகிறோம். வந்த பிறகு என்ன செய்ய?
*சுய உதவிக் குழு உறுப்பினர், திருமோகூர்*

அடுத்த கிராம சபைக்குப் போங்கள், அக்கா. தமிழ்நாட்டில் வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. உங்கள் குழுப் பெண்கள் அத்தனை பேரும் போங்கள். யார் நாற்காலியில், யார் தரையில், யார் பேசுகிறார், யார் பெயரில் இன்னொருவர் பேசுகிறார் என்று பாருங்கள். பட்டியல் சாதித் தலைவரைக் கொடி ஏற்றவிடாமல் தடுக்கக் கூடாது என்று 2022-ல் தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. முருகேசன் உயிரைக் கொடுத்துத் திறந்த கதவு இன்னும் பல ஊர்களில் பாதிதான் திறந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கடிதம் சாட்சி.

தரையில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தால், எழுந்து போய் நாற்காலியைக் காட்டி, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் வரத் தயங்கினால், நீங்கள் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். தீர்மானப் புத்தகத்தில் அவர் கேட்ட கோரிக்கை எழுத்தில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.